கப்பலில் பேத்தியோடு பால்கனி அறை எடுக்கலாமா?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 63 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் டிசம்பர் விடுமுறைக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரு சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலேயே இறங்குவது, நான்கு இரவு. பத்தாவது தளத்தில் பால்கனி வைத்த இரண்டு அறைகள். தாத்தா பாட்டியோடுதான் படுப்பேன் என்று நான்கு வயதுப் பேத்தி இப்போதே சொல்லிவிட்டாளாம். டிக்கெட் வந்த வாரமே, கப்பலிலிருந்து ஒருவர் கடலில் விழும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து இவருக்குப் பயம். மாப்பிள்ளையோ, "விழுகிறவங்க எல்லாம் தானா குதிக்கிறவங்க அத்தை, கப்பல் யாரையும் தள்ளிவிடாது" என்கிறார். கணவருக்கு 69 வயது, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், எழுந்து நின்றால் சில நேரம் தலை சுற்றும். மாப்பிள்ளை மது பேக்கேஜும் சேர்த்து வாங்கியிருக்கிறார். மாமனாரும் துணைக்கு ஒன்றிரண்டு குடிப்பார்.

கேள்விகள் மூன்று: ரெய்லிங்கை நம்பலாமா? யாராவது விழுந்தால் கேமரா பார்த்து உடனே கப்பலை நிறுத்திவிடுவார்களா? ஏதாவது ஆகிவிட்டால் நம் ஊர் கோர்ட்டில் கேஸ் போட முடியுமா? கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பாக ஒரு வரியும் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, வணக்கம்.

வக்கீல் ஆவதற்கு முன் பதினோரு வருடம் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருந்தவன் நான். அதனால் உங்கள் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பயம் தப்பான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். அறையை மாற்றச் சொல்லப் போகிறேன், ஆனால் ரெய்லிங்கை நம்ப முடியாது என்பதற்காக அல்ல.

ரெய்லிங் எவ்வளவு உயரம்?

1966ஆம் ஆண்டின் சர்வதேச சுமைக்கோட்டு ஒப்பந்தம் (கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று வரையறுப்பது), கப்பல்களின் திறந்த தளங்களில் தடுப்புக் கம்பி குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கா 2010இல் பயணிகள் கப்பல்களுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து அதை 42 அங்குலம் ஆக்கியது. அதாவது மூன்றரை அடி, கிட்டத்தட்ட 107 சென்டிமீட்டர். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும், குறைந்தது 250 பேரை ஏற்றக்கூடிய, இரவு தங்கும் கப்பல்களுக்குத்தான் அந்தச் சட்டம். உங்கள் கப்பல் அந்தப் பக்கம் போகாது. ஆனாலும் பெரிய நிறுவனங்கள் ஒரே கப்பலைப் பருவத்துக்குப் பருவம் வெவ்வேறு கடலுக்கு அனுப்புவதால், பெரும்பாலும் இதே உயரத்தில்தான் கட்டுகிறார்கள். போனதும் நீங்களே பாருங்கள். கணவரை ரெய்லிங்கை ஒட்டி நேராக நிற்கச் சொல்லுங்கள். மேல்கம்பி அவர் தொப்புளுக்கு மேலே வர வேண்டும்.

ஏன் தொப்புள் என்றால், நிற்கும் மனிதரின் எடை மையம் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஐந்தரை அடி மனிதருக்குத் தரையிலிருந்து ஏறக்குறைய 94 சென்டிமீட்டர். தடுப்பு அதைவிட உயரமாக இருந்தால், கப்பல் ஆடினாலும் தலை சுற்றினாலும் அவர் கம்பியில் மோதி உள்பக்கமாகச் சரிவாரே தவிர வெளியே போக மாட்டார். ஆக, இரண்டு பாதமும் தரையில் இருக்கும்வரை ரெய்லிங் தன் வேலையைச் செய்யும். அலை அடித்துப் பால்கனியிலிருந்து ஆளைத் தூக்கிப் போட்டுவிடும் என்று நினைக்கிறீர்கள். பத்தாவது தளத்தில் அப்படி நடப்பதில்லை.

இப்போது அதே பால்கனியில் போட்டிருக்கும் நாற்காலியைக் கவனியுங்கள். உட்காரும் பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி இருக்கும். அதில் ஒருவர் ஏறி நின்றால், மூன்றரை அடித் தடுப்பு அவருக்கு வெறும் இரண்டு அடிதான். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்து அறைக்காரரோடு பேச எட்டிப் பார்ப்பது, செல்ஃபிக்காகக் கம்பியில் உட்காருவது, காற்றில் பறந்த துண்டை எட்டிப் பிடிப்பது, குடித்துவிட்டு இதையெல்லாம் செய்வது: தவறி விழுந்தவர்களின் கதை பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்றில்தான் தொடங்குகிறது. இரத்த அழுத்த மாத்திரையும் மதுவும் சேரக் கூடாது என்பதை மாப்பிள்ளையிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால் மகளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

பேத்தி விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். நான்கு வயதுக் குழந்தை சுமார் ஒரு மீட்டர் உயரம். ரெய்லிங்கின் மேல்கம்பி அவள் தலைக்கு மேல். தரையில் நிற்கும்வரை அவளால் தானாக விழ முடியாது. ஆனால் அவளுக்குக் கடலும் சரியாகத் தெரியாது. "தாத்தா, தூக்கு" என்பாள். தாத்தா தூக்குவார். ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது.

2019 ஜூலையில் பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கரையில் கட்டி நின்றது. ஓடவில்லை, ஆடவில்லை, பகல் நேரம். 11ஆம் தளத்தில் ஒரு தாத்தா, 18 மாதப் பேத்தியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி இருக்கிறது என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. குழந்தை பிழைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு நீதிமன்றம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. நிறுவனத்தின்மீது பெற்றோர் போட்ட வழக்கை 2021இல் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பேத்திமீது உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். உங்கள் கணவரைப்போலத்தான்.

2025 ஜூனில் பஹாமாஸிலிருந்து ஃப்ளோரிடாவுக்குத் திரும்பிய ஒரு கப்பலில், புகைப்படத்துக்காகக் கம்பிமேல் உட்கார்ந்த சிறுமி நான்காம் தளத்திலிருந்து விழுந்தாள். அப்பா பின்னாலேயே குதித்தார். மீட்புப் படகு இருவரையும் உயிரோடு தூக்கியது. நல்ல முடிவு. ஆனால் கீழ்த்தளம், பகல், கண் முன்னால் நடந்தது, அமைதியான கடல் என்று எல்லாம் கூடி வந்ததால் கிடைத்த முடிவு.

ஆகவே உங்கள் குடும்பத்துக்கு நான் கேட்டுக்கொள்வது:

- பால்கனி நாற்காலி, குட்டி மேசை இரண்டையும் ரெய்லிங்கிலிருந்து இழுத்து அறைக் கண்ணாடிக் கதவோடு ஒட்டிப் போடுங்கள். வேண்டாம் என்றால் அறைப் பணியாளரிடம் சொல்லி எடுத்துவிடலாம்.
- கப்பலின் எந்தத் தளத்திலும், எந்த ஜன்னலிலும், குழந்தையை இடுப்புக்கு மேல் தூக்கிக் காட்டுவதில்லை என்று ஏறும் முன்பே எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். அவள் பார்க்க வேண்டுமென்றால் கீழே கண்ணாடித் தடுப்பு உள்ள இடத்தில் தரையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.
- பால்கனிக் கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா பாருங்கள். சில கப்பல்களில் உண்டு. இல்லையென்றால் வரவேற்பு மேசையில் கேளுங்கள்.
- புக்கெட்டில் தீவு பார்க்கச் சின்னப் படகில் போனால், அங்கே ரெய்லிங் என்று ஒன்று இருக்காது. உயிர்காப்பு மேலங்கியை உடம்பில் மாட்டிக் கட்டிய பிறகுதான் படகு கிளம்ப வேண்டும். 2018 ஜூலையில் அந்தக் கடலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள்.

கேமரா பார்த்துக்கொள்ளுமா?

கேமரா இருக்கும். ஆனால் அதை ஒருவர் எந்நேரமும் உட்கார்ந்து பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். பல கப்பல்களில், ஆளைக் காணோம் என்று குடும்பம் சொன்ன பிறகுதான் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். அமெரிக்கச் சட்டம்கூட விழுபவரைப் படம்பிடிக்கும் அல்லது கண்டறியும் கருவியை, தொழில்நுட்பம் கிடைக்கும் அளவுக்கு வைத்தால் போதும் என்றுதான் சொல்கிறது. விழும் கணத்திலேயே மணி அடிக்கும் தானியங்கி அமைப்புக்கு 2020இல் ஐஎஸ்ஓ 21195 என்று சர்வதேசத் தரமே வந்துவிட்டது. அதன்பிறகும் எல்லாக் கப்பல்களிலும் அது இல்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. பதினைந்து மாடி உயரத்துக்கு நீர்ச்சறுக்கு கட்டத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத வேலை இல்லை. உங்கள் கப்பலில் அந்த வசதி உண்டா என்று மாப்பிள்ளையை நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் பொருத்துவார்கள்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் கப்பல் ஒரு நிமிடத்தில் 600 மீட்டர் கடந்துவிடும். பத்து நிமிடம் கழித்துத் தகவல் போனால் விழுந்தவர் ஆறு கிலோமீட்டர் பின்னால் இருப்பார். பிரேக் போட்டு நிறுத்த இது பேருந்து இல்லை. ஆள் விழுந்த பக்கமாகவே சுக்கானை முழுக்க ஒடிப்போம், பின்பக்க விசிறி அவரை விட்டு விலகுவதற்காக. 60 டிகிரி திரும்பியதும் எதிர்ப்பக்கம் முழுக்க ஒடிப்போம். அப்போது கப்பல் ஒரு வளையம் போட்டு, வந்த தடத்திலேயே திரும்பி வரும். வில்லியம்சன் திருப்பம் என்று பெயர்.

இதை நான் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருக்கிறேன். கப்பல் வேலைக்குப் போடும் பழைய முழு உடுப்பு ஒன்றில் துணி திணித்து, உயிர்காப்பு மேலங்கி மாட்டி, வங்கக் கடலில் போடுவோம். ஒரு ஆளுக்கு ஒரே வேலை: கையை நீட்டி அந்தப் பொம்மையைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. ஒருமுறை அப்படி நின்ற பையன் வியர்வையைத் துடைக்க முகத்தைத் திருப்பினான். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் பொம்மை இல்லை. ஒரு மீட்டர் அலையில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும். ஆரஞ்சு நிற மேலங்கியோடு, பட்டப்பகலில், நாங்களே போட்ட பொம்மையை மறுபடி கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

அதனால் நீங்கள் யாராவது விழுவதைப் பார்த்தால் செய்ய வேண்டியது இதுதான். கத்துங்கள்; என்ன மொழியானாலும் பரவாயில்லை. அருகில் மாட்டியிருக்கும் மிதவை வளையம், இல்லாவிட்டால் மிதக்கும் எதையாவது கடலில் வீசுங்கள். ஒருவர் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்கட்டும், இன்னொருவர் அவசர எண்ணுக்குப் போன் செய்யட்டும். பின்னால் குதிக்காதீர்கள், தேட வேண்டிய தலை இரண்டாகிவிடும்.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு கப்பலிலிருந்து விழுந்த இளைஞர், 15 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்து, ஒரு சரக்குக் கப்பல் கண்டு சொன்னதால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டார். ஆனால் மொத்தக் கணக்கு ஆறுதலாக இல்லை. கப்பல் நிறுவனங்களின் சங்கத்துக்காகத் தொகுத்த அறிக்கைப்படி, 2009 முதல் 2019 வரை பயணிகளும் ஊழியர்களுமாக 212 பேர் விழுந்த சம்பவங்களில் 48 பேர்தான் காப்பாற்றப்பட்டார்கள். அதே சமயம், 2019 ஒரே வருடத்தில் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர் இப்படிப் பயணம் செய்தார்கள். விழுவது மிக அரிது. விழுந்தால் பிழைப்பதும் அரிது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

நம் ஊர் கோர்ட்டுக்குப் போகலாமா?

சிங்கப்பூரில் ஏறுவதால் இது சிங்கப்பூர்க் கப்பல், அந்த ஊர்ச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறும்போது கப்பலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெயருக்குக் கீழே நாசாவ் என்றோ பனாமா என்றோ வலெட்டா என்றோ ஓர் ஊர் எழுதியிருக்கும். அந்த ஊரின் நாடுதான் கப்பலின் கொடி நாடு. நடுக்கடலில் நடப்பதை விசாரிக்கும் முதல் பொறுப்பு அதற்கே.

இழப்பீட்டுக்கு, கப்பல் பயணிகளுக்கான ஏதென்ஸ் ஒப்பந்தம் என்ற சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. அதன் திருத்திய வடிவம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. கொடி நாடோ, டிக்கெட் வாங்கிய நாடோ, ஏறும் இறங்கும் நாடோ அதில் சேர்ந்திருந்தால் பொருந்தும். கப்பல் மூழ்கியது, மோதியது, தீப்பிடித்தது என்றால் ஒரு தொகைவரை நிறுவனத்தின் தப்பை நாம் நிரூபிக்கவே வேண்டாம். பால்கனியிலிருந்து விழுவது பொதுவாக அந்த வகையில் வராது. நிறுவனத்தின் கவனக்குறைவு என்று குடும்பம்தான் காட்ட வேண்டும். மாப்பிள்ளை சொன்ன 'தானா குதிக்கிறவங்க' என்ற பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். அது பாதி உண்மை. தானாகச் செய்துகொள்பவர்கள் நிறையப் பேர் உண்டு. தவறி விழுந்தவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே கணக்கில் எழுதினால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும், குடும்பத்துக்குப் பதில் கிடைக்காது.

வழக்கு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது டிக்கெட்டோடு வந்த பொடி எழுத்து ஒப்பந்தத்தில் இருக்கும். ஏதென்ஸ் ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டு. அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் கப்பல் டிக்கெட்டுகளில் ஒரே ஆண்டு என்று போடுவது வழக்கம். டிக்கெட்டில் அச்சிட்ட ஊரில்தான் வழக்கு என்ற நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1991இல் சொல்லிவிட்டது. திருநெல்வேலி முகவர் ஒருவரிடம் நீங்கள் டிக்கெட் வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே அவர்மீது புகார் கொடுக்கலாம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வாங்கியதால் அந்த வழி உங்களுக்குக் கடினம். பயணக் காப்பீட்டை வாங்குங்கள், அதில் மது பற்றிய விலக்கு என்ன சொல்கிறது என்றும் படியுங்கள்.

உடல் கிடைக்காத வழக்குகளில் குடும்பம் படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நம் சட்டத்தில், ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாக அனுமானம். அதற்கு முன்னால் சான்று வேண்டுமென்றால் கேமராப் பதிவும் கேப்டனின் பதிவேடும்தான் துணை. ஆகவே யாருக்கு எப்போது இப்படி நேர்ந்தாலும், இறங்குவதற்கு முன்பே கேமராப் பதிவு, அறைச் சாவி அட்டை பயன்படுத்திய நேரங்கள், மதுக் கணக்கு இவற்றை அழிக்காமல் வைக்கும்படி கேப்டனுக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம் இந்தியத் தூதரகம். இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை. படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கையெழுத்துக்குக் கீழே எழுதிய வரி

"இவருடைய அண்ணன் தவறி ஆறு மாசம் ஆகுது. அதிலிருந்து ராத்திரி தூங்குறதில்லை, மாடிக்குப் போய் நின்னுகிட்டே இருக்கார். மகள்கிட்ட சொல்லலை."

அம்மா, நான்கு பக்கத்தில் என்னை நிறுத்தியது இந்த வரிதான். வெறும் துக்கமாகவே இருக்கலாம். கூடப் பிறந்தவரை இழந்தால் ஆறு மாதம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. நான் மருத்துவனும் இல்லை. ஆனால் தூக்கமில்லாத ஒருவருக்கு நடுக்கடலில், நடுராத்திரியில், திறந்த பால்கனி உள்ள அறையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தலைசுற்றலுக்குக் காட்டப் போகிறோம் என்று சொன்னால் வருவார். தூக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் நீங்கள் சொல்லுங்கள். வீட்டில் ஒருநாள் இருவர் மட்டும் இருக்கும்போது நேராகவே கேளுங்கள்: "உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று தோன்றும். அப்படி ஆகாது என்பதில் மனநல மருத்துவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். கேட்க ஆள் கிடைத்ததே பலருக்குப் பாரத்தை இறக்குகிறது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், நீங்களே முதலில் அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம்.

மகளிடம் சொல்லிவிடுங்கள். விடுமுறை கெட்டுவிடும் என்று மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கப்பலில் இரவு இரண்டு மணிக்கு அவர் எழுந்து போனால், பேத்தியும் உங்களிடம் தூங்கிக்கொண்டிருக்க, நீங்கள் ஒருவர் என்ன செய்வீர்கள்?

உங்கள் அறையை மட்டும், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த கடல் பார்க்கும் அறையாக மாற்றச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும், கடல் தெரியும், பேத்தி ஜன்னல் திண்டில் ஏறினாலும் பயமில்லை, விலையும் பொதுவாகக் குறைவு. பகலில் எல்லோரும் மகளின் பால்கனியில் சேர்ந்து உட்காரலாம். கணவரிடம் காரணம் சொல்ல வேண்டுமானால் பேத்தியின் பெயரைச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. பணத்தை முழுதாகக் கட்டி முடிக்கும் கடைசித் தேதிக்குப் பிறகு பல நிறுவனங்கள் அறை மாற்றத்தில் கெடுபிடி காட்டும். அந்தத் தேதி என்றைக்கு என்று இன்று இரவே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.